விரிசல் மேல் ஒரு பறவை

1972 ஆடி, செவ்வாய்க்கிழமை

ஆப்பிரிக்காவிலுள்ள கானாவுக்குப் போகவேண்டிய கோப்பைகள் இன்று சூளையிலிருந்து வெளியே வந்தன. பாதிக்கு மேல் மெல்லிய விரிசல்.

"விரிசல் மேலயே அந்தப் பறவைய வரைஞ்சிடும்மா, தெரியாது" என்றார் மேனேஜர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் பறவை அது. தப்பு செய்தால் திரும்பிப் போய்ச் சரிசெய் என்று அவர்கள் ஊரில் அதற்கு அர்த்தம். கோப்பை கேட்டு வந்த கானாக்காரர் அதைச் சொன்னபோது பெரிதாகத் தலையாட்டியவர் இதே மனிதர்தான்.

"சூடா டீ ஊத்துனா வெடிச்சிடாதா சார்?"

"அதுக்குள்ள கப்பல் ஏறிடும். விருத்தாசலத்துக்குத் திரும்பி வந்தா கேக்கப் போறாங்க?"

வரைந்தேன், ஒரே ஒரு கோப்பையில். கழுத்து அழகாகவே திரும்பியிருக்கிறது. நாளைக்கு அவருக்கு அதில்தான் டீ. கொதிக்கக் கொதிக்க.