ஆனேக்கலுக்கு ஆவாரம்பூ

போகிக்கு முந்தின நாள், புதன், 1955.

ஆனேக்கலில் கட்டிக் கொடுத்த என் மகள் ராசாத்தி, வண்டிக்கார பசப்பனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "போகிக்கு வாசல்ல காப்புக் கட்ட அப்பாவ ஆவாரம்பூ கொண்டாரச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்." பசப்பன் சொல்வதில் பாதி பொய். அவன் எருமை விற்ற கதை ஒன்றே போதும், அது இருக்கட்டும். இது அவள் பேச்சேதான்.

காலையிலிருந்து கரட்டு மேடெல்லாம் நடந்தேன். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்றார்கள். மூன்று வருசமாய் ஆவாரஞ்செடியை வேரோடு பிடுங்கி உரித்தோம். நானும்தான். இன்று ஆடு கடிக்கக்கூடத் தழை இல்லை.

சாயங்காலம் ஓடைக்கரையில் ஒரே ஒரு செடி பூத்து நின்றது. அதன் பக்கத்தில் என் பெண்டாட்டியின் தம்பி முனியப்பன், கத்தியோடு.

"என்ன மாமா, உரிச்ச கையாலயே பூ தேடறியா?"

"இத ஒண்ண விட்டுடு மச்சான். ராசாத்தி கேட்டிருக்கா."

"நான் விட்டா பக்கத்தூர்க்காரன் விடுவானா? பூவ நீ எடுத்துக்க, பட்டைய நான் எடுத்துக்கறேன்."

பூவைப் பறித்துத் துண்டில் கட்டினேன். அவன் உரிக்கும்போது கொம்பு ஆடியது. பழக்கத்தில் நானே பிடித்துக் கொடுத்தேன்.

பூ ஈரத்துணியில் தலைமாட்டில் இருக்கிறது. விடிந்ததும் நடந்தால் மத்தியானம் அவள் முகத்தைப் பார்த்துவிடலாம். "கரடு மஞ்சளா இருக்காப்பா?" என்றுதான் முதலில் கேட்பாள். இருக்கிறது என்று சொல்ல, பசப்பனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.