கடலுக்குப் போனால் மறையும் படகுகள்

திங்கள்
விடியவே புழுக்கம். கடற்படை முகாம் அறையில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் நிமல் சேர் பக்கம். முகாமின் தொலைத்தொடர்பு அவர் பொறுப்பு, இணைப்பு வேலை என் பொறுப்பு.

கடற்படை வலையமைப்பு, வானிலைச் சேவை, உடப்பு மீனவர் படகுகளில் பூட்டிய, இடம் காட்டவும் பேசவும் உதவும் பெட்டிகள். மூன்றும் ஒன்றோடொன்று கதைக்க வேண்டும். காற்று வருகிறதென்றால் படகுக்கு உடனே தமிழில் போக வேண்டும். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். சரிவராவிட்டால் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

முதல் செய்தி இன்று போய்ச் சேர்ந்தது! நிமல் சேர் விசிறியை என் பக்கம் திருப்பினார். பெரிய மரியாதைதான்.

செவ்வாய்
கரையில் நிற்கும்வரை எல்லாப் படகும் திரையில். கடலுக்குப் போனதும் ஒவ்வொன்றாக மறைவு. வயர், பற்றரி, அன்டெனா, எதிலும் பழுதில்லை. தலை வெடிக்கிறது.

உம்மா: "சோத்தைத் தின்னுட்டு யோசி மகள்."

இறால் கறி. யோசிக்கவில்லை.

புதன்
உடப்பு. நல்ல வெயில். முருகேசு அண்ணனின் படகில் ஏறிப் பார்த்தேன். பெட்டி புதுசு போலப் பளபள.

"அது நல்லாத்தான் வேலை செய்யுது தங்கச்சி. நாங்கதான் நிப்பாட்டி வைக்கிறம்."

"ஏன் அண்ணே?"

"எல்லாப் படகும் இதில தெரியுதே! நான் மீன் கண்ட இடத்தை ஊருக்கே காட்டுற பெட்டியை எவன் போட்டு வைப்பான்? சொந்த மச்சானுக்கே சொல்றதில்ல."

மச்சான் பக்கத்துப் படகில் வலை மடித்துக்கொண்டிருந்தார். "நானுந்தான் நிப்பாட்டி வச்சிருக்கிறன்" என்று சிரித்தார்.

அட, என் புத்தியே! எல்லாருக்கும் எல்லாம் தெரிவது நல்லதென்று அமைத்தவள் நான்தான்.

வியாழன்
மாற்றியாயிற்று. படகு நிற்கும் இடம் முகாமுக்கு மட்டும். எச்சரிக்கையும் பெட்டியில் பேசும் பேச்சும் எல்லாப் படகுக்கும்.

முகாமுக்குத் தெரிந்தால் பரவாயில்லையா? முருகேசு அண்ணனிடம் போனில் கேட்டேன்.

"நேவிக்கு வலை வீசத் தெரியாதே. பாக்கட்டும்."

சிங்களத்தில் சொன்னதும் நிமல் சேருக்குச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது.

வாங்க: பற்றரி, டேப், பாண்.

வெள்ளி
மேகம். கொழும்புக்காரர் வந்து உட்கார்ந்ததுமே வானிலைச் செய்தி. ஒத்திகை இல்லை, உண்மையான காற்று. தானாகவே படகுகளுக்குப் போனது. திரையில் ஒவ்வொரு படகாகக் கரைப்பக்கம் திரும்பியது. அல்ஹம்துலில்லாஹ்!

முருகேசு அண்ணனின் படகு மட்டும் அசையவில்லை. அவர் பெட்டிக்குக் கூப்பிட்டேன். திரும்பவும் கூப்பிட்டேன்.

"கேக்குது தங்கச்சி. வலை இழுத்துக்கொண்டு நிண்டனான், இந்தா திரும்புறம். நான் நிண்ட இடத்தை மட்டும் மச்சானுக்குச் சொல்லிப்போடாதீங்க."

பேச்சு எல்லாருக்கும் போகும் என்பதை மறந்துவிட்டார்.

"எனக்கும் கேக்குது அத்தான்."