முன்கூட்டியே எழுதிய முடிவு

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலமே, உன் முழங்கால் வலி குறைந்ததா? யாருக்கு முதலில் விடுப்பு என்பதைக் கிடங்கில் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்யலாம் என்றார்கள். பெரியவளின் பிரசவத்துக்கு வரவேண்டும் என்று பேச, நான்கு நாள் எழுதிப் பார்த்தேன். கூட்டத்துக்கு முதல் நாளே மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டினார்.

"வாத்தியாரே, பிழை இருந்தா திருத்திக் குடுங்க. நாளைக்குக் கூட்டம் முடிஞ்சதும் ஒட்டணும்."

'வாத்தியார் தன் முறையை மனமுவந்து விட்டு கொடுத்தார்' என்றிருந்தது. பரீட்சைக்கு முன்பே மதிப்பெண் போட்டாற்போல. சிரிக்காதே, விடுபட்ட 'க்' ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தேன். கூட்டத்தில் அதையே வாசித்தார்கள், கைதட்டினார்கள்.

முன்பெல்லாம் கிழிந்த பெட்டியைக் கண்டால் ஓடிப்போய்ச் சொல்வேன். இப்போது அப்படியே அடுக்குகிறேன்.

என் பழைய கண்ணாடியை அனுப்பு. மணி அடித்துவிட்டது. குழந்தைக்குப் பெயர் வைக்குமுன் என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.