எழுபது எங்கிருந்து வந்தது?

டீச்சர்,

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இன்று காலை ஒரு டம்ளர் மோரில் கைதவறி உப்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். கொட்ட மனமில்லாமல் சொம்பு மோரில் ஊற்றினேன். கரிப்பு போன இடம் தெரியவில்லை. உங்கள் குரல்தான் கேட்டது.

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் நம் பள்ளி. பத்தாம் வகுப்பில் தமிழ்வழிக்கு இரண்டு பிரிவு. தெலுங்குவழிப் பிரிவு உங்களுடையது, ஐந்தே பேர். ஒரு வருடம் தேர்வு முடிவு வந்ததும், கணக்கு டீச்சர் என்பதால் அட்டவணையை என்னிடம் கொடுத்தார் தலைமையாசிரியர். முதல் பிரிவில் ஐம்பது பேர் எழுதி நாற்பத்தைந்து பேர் தேர்ச்சி, தொண்ணூறு சதவீதம். அடுத்ததில் நாற்பத்தைந்துக்கு முப்பத்தாறு, எண்பது. உங்கள் ஐவரில் இருவர், நாற்பது. மூன்று சதவீதத்தையும் கூட்டி, மூன்றால் வகுத்து, பள்ளியின் தேர்ச்சி எழுபது என்று அடியில் எழுதினேன். இருபது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த கை!

"அஞ்சு பேரு மொத்த ஸ்கூலையும் கீழ இழுத்துட்டாங்களேம்மா" என்று துவண்டுபோனார் அவர். அடுத்த ஆண்டு தெலுங்குப் பிரிவு வேண்டாம் என்று மேலிடத்துக்குக் கடிதமும் தயாரானது. மதியத் தபாலில் போகவேண்டியதுதான் பாக்கி.

விஷயம் கேள்விப்பட்டு வந்த நீங்கள் சண்டை போடவில்லை. சாப்பாட்டுக் கூடையை மேசையில் வைத்துவிட்டு அட்டவணையை இழுத்துப் பார்த்தீர்கள்.

"இன்னா டீச்சர் இது? எழுதனவங்க மொத்தம் நூறு பேரு. பாஸானவங்க எம்பத்திமூணு. எழுபது எங்கேர்ந்து வந்துச்சி?"

"மூணு பிரிவோட சராசரி டீச்சர்."

சிரித்துவிட்டீர்கள். "ரெண்டு சொம்பு மோரு நல்லா கீது, ஒரு டம்ளர்ல மட்டும் உப்பு ஜாஸ்தின்னு வெச்சிக்கோங்க. ஒண்ணா ஊத்துனா மொத்தமும் கரிக்குமா? நீங்கதான கணக்கு டீச்சரு?"

ஐந்து பேரையும் ஐம்பது பேரையும் ஒரே எடையாக எண்ணியிருக்கிறேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தலைமையாசிரியர் அறைக்குப் போகும் வழியெல்லாம் என் தவற்றை எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினேன். அதற்குள் நீங்கள் திருத்திய தாளை அவர்முன் வைத்துவிட்டீர்கள். "டேபிள்ல ஒரு தப்பு இருந்துச்சி சார். திருத்திட்டோம்."

உங்கள் வகுப்பையே மூடப் பார்த்த என் தவற்றில் நீங்களும் வந்து சேர்ந்துகொண்டீர்கள். அவர் எண்பத்து மூன்றைப் பார்த்தார், கடிதத்தை இரண்டாகக் கிழித்தார், டீ வாங்கிவரச் சொன்னார்.

வெளியே வந்து பெருமூச்சு விட்டேன். நீங்கள் விடவில்லை. "உங்க கணக்கு சரியாப்பூடுச்சி டீச்சர். என் மூணு பேரு இன்னும் ஃபெயிலுதான்."

எழுபதில் குற்றவாளிகளாக நின்ற மூவரும் எண்பத்து மூன்றில் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தார்கள். துணைத்தேர்வு வரை அவர்களுக்குத் தினமும் நான் தமிழில் கணக்கு சொல்ல, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கில் சொன்னீர்கள். இரண்டு பேர் தேறினார்கள். மூன்றாமவள் வேலைக்குப் போய்விட்டாள். அவள் வீட்டுக்கு எத்தனை தடவை நடந்தீர்கள் என்று நான் எண்ணவில்லை.

இன்று அந்த மோரைக் குடித்தவள் பக்கத்து வீட்டு ரேவதி. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. "ஆன்ட்டி, பேஜாரா கீது. மொத்தமும் பர்சன்டேஜும் ஒத்துப்போவல" என்று லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். இரண்டு பெரிய உற்பத்தி லைன், ஒரு சின்ன லைன்; மூன்றின் கழிவு சதவீதத்தையும் கூட்டி மூன்றால் வகுத்திருந்தாள். உங்கள் மோரைத்தான் அவளுக்கும் சொன்னேன். மொத்தக் கழிவை மொத்த உற்பத்தியால் வகுத்ததும் எண் இறங்கியது. சிரித்தபடி லேப்டாப்பை மூடப்போனாள்.

"இரும்மா. அந்தச் சின்ன லைன்ல மட்டும் ஏன் இவ்ளோ கழிவு? அங்க யாரு வேலை செய்யறாங்க?"

"புதுசா வந்த நாலு பொண்ணுங்க. ஏன்னு நான் கேக்கவே இல்லியே ஆன்ட்டி."

"கேட்டுப் பாரு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்தாள்.