காலி டம்ளரின் எடை

தூத்துக்குடி
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜெபசுதாவுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஷாமும் குறைவில்லாமல் இருக்க ஆண்டவர் கிருபை செய்யட்டும். அம்மாவின் கல்லறைக்குக் கல் வைத்தாகிவிட்டது, பெயரில் பிழை இல்லை, நானே நின்று பார்த்தேன். போன வாரம் போனில் நீ, அம்மா இல்லாத வீட்டுக்கு வந்து ஷாமுக்கு என்னத்தக் கொடுப்பேன், பாஸ்தா தவிர எதையும் வாயில வைக்க மாட்டேங்கிறானே, மே மாசம் வரலப்பா என்றாய். நான் சரிம்மா என்றேன். போனை வைத்த பிறகும் அதே நாற்காலியில் இருந்தேன், வருத்தமா என்றால் அதுகூடத் தெரியவில்லை. இப்போதெல்லாம் எதுவும் உறைப்பதில்லை. மறுநாள், அடக்கத்துக்கு வந்தபோது நீ விட்டுப்போன குழாய் பாஸ்தா பாக்கெட்டைப் பிரித்தேன். ஆளுக்கு நூறு கிராம் என்று போட்டிருந்தது. நம் வீட்டில் கிராம் ஏது, அம்மாவின் அரிசி டம்ளர்தான். அதில் தலைதட்டி நிரப்பி லிங்கராஜ் அண்ணாச்சி கடைத் தராசில் வைத்தேன், நூற்றெழுபது காட்டியது. அரிசியே நூற்றெண்பதுதானே, சரியாகத்தான் இருக்கும் என்று காலண்டரில் குறித்துக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டுப் பிரேமாவையும் அவள் மகளையும் சாப்பிடக் கூப்பிட்டேன். மூன்று பேருக்கு இரண்டு டம்ளர் தாராளம் என்று போட்டால் தட்டில் ஆளுக்கு ஒரு கைப்பிடிதான் விழுந்தது. மாமா ருசியாத்தான் இருக்கு, அளவுதான் எங்கேயோ இடிக்குது என்றாள் பிரேமா. டம்ளரைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி வெறும் டம்ளரைத் தராசில் வைத்தார், தொண்ணூறு. ஏன் சார், நீங்களா கழிக்க மறந்திய என்று கேட்டார். முப்பத்தோரு வருஷம் ஹார்பர் எடை மேடையில் இருந்தவன், காலி வண்டி எடையைக் கழிக்காமல் ஒரு உப்பு லாரியை விட்டிருப்பேனா? என்னலே இந்த ஆளு இம்புட்டுக் கறாரு என்று டிரைவர்மார் திட்டுவார்களே, அந்த நான். அம்மா கையில் இருபது வருஷம் இருந்த டம்ளரை எடையே இல்லாத சாமான் மாதிரி விட்டிருக்கிறேன். டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் சுதா, அண்ணாச்சி ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். அடக்கத்தன்றும் எனக்கு அழுகை வரவில்லை, அங்கேயும் வரவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது அளவு சரி. குழாய் பாஸ்தா ஒரு டம்ளர் எண்பது கிராம். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்றேகால் டம்ளர், ஷாமுக்கு முக்கால். இன்று அப்படியே போட்டுப் பார்த்தேன், வயிறு நிறைந்தது. நூல் மாதிரி நீளமாக இருப்பதை வாங்காதே, அது டம்ளரில் நிற்காது. அன்றைக்குப் போனில் நான் சரி என்றது பொய் சுதா. எனக்குச் சரியில்லை. மே மாதம் வாருங்கள்.

பிள்ளைக்குக் குளிரில் காதை மூடிவிடு, இரவு டியூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். எனக்கென்று தராசு எதுவும் வாங்கி வரவேண்டாம். அம்மாவின் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

உன் அப்பா
ஏசுவடியான்