உள்பக்கம் கறுத்த கதவு

அப்பா,

பெயின்ட் அடிக்க வந்த சேட்டன் உள்ளறைக் கதவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். வெளிப்பக்கம் பச்சை, உள்பக்கம் நீங்கள் கரும்பலகைக்காகப் பூசிய கறுப்பு. பழைய சாக்பீஸ் வாடை கிளம்பி, இறந்து ஒரு வருஷமான உங்களை என் முன்னால் நிறுத்திவிட்டது. நல்லதுதான். சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது.

கதவைச் சாத்தினால்தான் வகுப்பு. மட்டாஞ்சேரித் தெருவில் மற்றப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது நீங்கள் தாழ்ப்பாளைப் போடுவீர்கள். "இங்க பள்ளிக்கூடத்துல சேத்தா மலையாளம் படிச்சு நம்ம எழுத்தை மறந்துருவா. அடுத்த வருசம் ஊருக்கே போயிருவோம்லா" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அந்த அடுத்த வருஷம் கடைசிவரை வரவில்லை. திருநெல்வேலியிலிருந்து பாடப் புத்தகங்கள் மட்டும் தவறாமல் வந்தன.

பொய் சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். ஒரு நாளும் கை நீட்டியதில்லை. புரியாத கணக்கோடு மூன்று நாள் உட்காரவிட்டீர்கள், எந்தப் பள்ளிக்கூடம் விடும்? ஆனால் பக்கத்து வீட்டு லைலா "நீ ஏது கிளாஸிலா?" என்று கேட்டபோது, எந்த வகுப்பு என்று எனக்கே தெரியாது. சண்டை போடக்கூட ஒரு தோழி இல்லை. பிறந்த ஊரில் மலையாள பஸ் போர்டு வாசிக்கத் தெரியாமல், இது தோப்பும்படிக்குப் போகுமா என்று கண்டவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பதினேழு வயதில், தனியாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத விண்ணப்பம் வாங்கி வந்தேன். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் வேண்டியிருந்தது. "நான் சொல்லிக்குடுத்ததுக்கு எவன்ட்டி மார்க்குப் போட?" என்று நாலாகக் கிழித்தீர்கள். தேவராவில் ஒரு ஆபீஸில் கிடைக்க இருந்த டைப்பிஸ்ட் வேலை, சான்றிதழ் இல்லை என்று போயிற்று. இந்த மனுஷரைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

லைலாவின் பழைய புத்தகங்களை வைத்து மலையாளம் படித்தேன். இருபத்திரண்டு வயதில் அதையும் சேர்த்துப் பரீட்சை எழுதித் தேறினேன். மார்க்குத் தாளை உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிட்டீர்கள்.

பிறகு உங்கள் கண் மங்கியது. தமிழ்ப் பத்திரிகையை நிறுத்திவிட்டு, தினமும் மலையாளப் பத்திரிகையை உங்கள் காதருகே உரக்க வாசித்தேன். "தமிழ்ல வாசிட்டி" என்று கெஞ்சினீர்கள். "இங்க இப்ப தமிழ்ப் பேப்பர் வரலப்பா" என்றேன். கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. மூன்று வருஷம் வாசித்தேன். ஒரு நாள், "நல்லாத்தான் வாசிக்கே. யாரு சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டீர்கள்.

"கதவுக்கு வெளிய இருந்தவங்க" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். எனக்கு இனித்தது. இப்போது எழுதும்போதும் இனிக்கிறது.

ஆனால் நேற்று, பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகளுக்குக் கூட்டல் சொல்லித்தர உட்கார்ந்தவள், என்னை அறியாமல் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். "எதுக்கும்மா அடைச்சே?" என்றாள். என் கையைப் பார்த்தேன். அது உங்கள் கை.

"சேட்டா, அந்தத் தாழ்ப்பாளையும் கழட்டிருங்க" என்றேன் இப்போது.

"பின்னே கதவு எங்ஙனே அடைக்கும்?"

"அடைக்க வேண்டாம்."