பின்னிருக்கையில் ஒரு கோணல் தையல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் மனிசன் வந்தார். உன் காரின் பின்னிருக்கையைக் கழற்றி, போர்வையால் சுற்றி, மூச்சு வாங்க வாங்கப் படியிறங்கி, என் வெட்டு மேசையில் வைத்துவிட்டு நின்றார். பேஸ்மென்ட் முழுக்க இப்போது ரெக்சின் மணம். சனிக்கிழமைக் கலியாணத்துக்குக் கொடுக்க வேண்டிய பட்டுச் சட்டைகள் நாலும் கதிரையில் ஒதுங்கிக் கிடக்கின்றன. போன பிறகும் என் மேசையை இப்படிப் பிடித்து வைத்திருக்க உன்னால்தான் முடியும்.

காரை விற்கப் போகிறார். அவரைக் கோபிக்காதே. கராஜை உன் காருக்குக் கொடுத்து, ஆறு பனிக்காலம் தன் வான் வண்டியை வெளியே விட்டு, காலையில் எழும்பிப் பனியைச் சுரண்டிய மனிசன். வாங்க வந்தவர் பக்கத்து ஊரான ஒஷாவாவில் இருக்கிறார், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். டோர்ச் பிடித்துக்கொண்டு காருக்குக் கீழே படுத்தெல்லாம் பார்த்தாராம். எல்லாம் பிடித்ததாம். கடைசியில் பின்னிருக்கையில் விரலை ஓட்டிக்கொண்டு போய், இடப்பக்கம் ஓரிடத்தில் நிறுத்தி, இந்தத் தையல் மட்டும் கோணலாகப் போகிறதே, திருத்தலாமா என்று கேட்டாராம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. அந்தத் தையலை நீ பார்த்தாய். நீ பார்த்து, இருக்கட்டும் என்று சொன்னாய்.

நீ லேசில் இருக்கட்டும் என்று சொல்லுகிற ஆளா? கார் இருக்கைகள் தைக்கிற தொழிற்சாலையில் நாங்கள் முதலில் சந்தித்ததே சண்டையில்தான். நான் மெசினில் இருந்தேன். நீ வரிசையின் முடிவில் நின்று, தைத்து வருகிறதைத் தடவிப் பார்த்துப் பிழைபிடிக்கிற வேலையில் இருந்தாய். பிழையென்றால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். முதல் கிழமையில் மட்டும் என்னுடைய ஏழு இருக்கைகள் சிவப்பு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தன. ஊரில் ஆறு வருடம் தையல் படிப்பித்தவள் நான். எழும்பி உன்னிடம் வந்து, உந்தத் தையலை ஆர் பாக்கப் போறாங்கள் என்று கேட்டேன். நீ தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நான் பாத்திட்டன்," என்றாய். "பிரியுங்கோ."

பிறகு பதினொரு வருடம் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். 'பிரியுங்கோ' என்பது 'பிரியடி' ஆனதுதான் அந்தப் பதினொரு வருடத்தில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு. தொழிற்சாலையை மூடியபோது நான் வோபர்னில் வீட்டோடு சட்டை தைக்கத் தொடங்கினேன். நீ வேறொரு இடத்தில் அதே பிழைபிடிக்கிற வேலைக்குப் போனாய். இனிமேல் என் தையலை யாரும் விரலால் தடவிப் பார்க்க மாட்டார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி எவ்வளவு காலம் நிலைத்தது என்று உனக்குத் தெரியும்.

ஒஷாவாவுக்குப் பின்னால் ஒரு தோட்டத்துக் கொட்டிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாயே, அந்த நாளுக்கு உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆப்பிள் பிடுங்கப் போகிறோம் என்று சொன்னாய். நான் பை இரண்டு மடித்துக்கொண்டு வந்தேன். அங்கே நீலத் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே, எங்கள் வயதையொத்த ஒரு கார் கிடந்தது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, மசில் கார் என்று ஏதோ சொன்னாய். பனிக்கு வீதியில் போடுகிற உப்பில் அடித்தட்டு அரித்து, உள்ளே பார்த்தால் புல் தெரிந்தது. இருக்கைக்குள் எலிக் குடும்பம். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். நீ பம்பரைத் தடவிக்கொண்டு நின்றாய். அரைவாசி வாழ்க்கை அடுத்தவனுடைய காருக்குப் பிழை பார்த்தாயிற்று, ஒன்றையாவது பிழையில்லாமல் தானே செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாய். அதற்குப் பிறகு உன்னோடு கதைத்துப் பயனில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் தகரம் ஒட்டுகிற வெல்டிங் படிக்க வகுப்புக்குப் போனாய். அந்த வகுப்பில் நீ ஒருத்திதான் பெண், நீ ஒருத்திதான் பாட்டி வயது. ரூஜில் உங்கள் புது வீட்டுக் கராஜில் அந்தக் கார் எலும்பும் தோலுமாகக் கிடந்தது. கழற்றிய ஆணிகளை ஐஸ்கிறீம் டப்பாக்களில் போட்டு, 'முன் இடது', 'பின் வலது' என்று எழுதி அடுக்கினாய். உன் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் பருப்பு எந்த டப்பாவில், ஆணி எந்த டப்பாவில் என்று திறந்து பார்க்க வேண்டியிருந்தது. பெயின்ற் அடித்து முடித்ததை மூன்று தடவை நீயே உரஞ்சி எடுத்தாய். வெயிலில் ஒரு பக்கமாக நின்று பார்த்தால் அலை அடிக்கிறதாம். எஞ்சினைச் செய்து கொடுத்த ஆள் உன் தொலைபேசி வந்தால் எடுக்காமல் விடப் பழகிவிட்டார் என்று உன் மனிசன் சொன்னார்.

எஞ்சினை முதல் தடவை ஓட விட்ட நாளில் ஐயரைக் கூப்பிட்டாய். ரயருக்குக் கீழே தேசிக்காய் வைக்கவும் தேங்காய் உடைக்கவும் நீ மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு பொனட்டை நோக்கி வந்தபோது குறுக்கே போய் நின்றாய். பெயின்றில் கறை பிடிக்குமாம். கடைசியில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டி, அதற்கு மேலே பொட்டு வைக்கச் சொன்னாய். ஐயர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

இருக்கை என் தலையில் விழுந்தது நாலாம் வருடம். அமெரிக்காவிலிருந்து ஆயத்தமாகத் தைத்த உறை வரும், அதை எடு என்று நான்தான் சொன்னேன். எடுத்தாய், அளந்தாய், மடிப்புகள் சமமில்லை என்று திருப்பி அனுப்பினாய். பிறகு ரெக்சின் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு என் பேஸ்மென்ட் படியிறங்கினாய். எனக்குத் தையல் குவிகிற கலியாண மாதம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டு மாதம் ஒன்றும் உன் கணக்கில் இல்லை.

முன்னிருக்கைகளில் நான் பட்ட பாட்டை விடுகிறேன். பின்னிருக்கை மட்டும் மூன்று தடவை பிரித்தேன். முதல் தடவை, மடிப்பு முன்னிருக்கையின் மடிப்போடு நேருக்கு நேர் வரவில்லை. இரண்டாம் தடவை, நூலின் கறுப்பு வெயிலில் சாம்பலாகத் தெரிகிறது. மூன்றாம் தடவை சொன்னதைக் கேட்டு நான் கத்தரிக்கோலை மேசையில் எறிந்தேன். ரெக்சினின் ரேகை ஒரு பக்கம் முன்னுக்கும் மறுபக்கம் பின்னுக்கும் ஓடுகிறதாம். பின்னுக்கு இருந்து போகிறவர் முதுகால் ரேகை பார்ப்பாரா என்று கேட்டேன். நீ பைக்குள்ளிருந்து, எங்கே வாங்கினாயோ, சிவப்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்றை எடுத்து, கிழித்து, ஒட்டினாய்.

நாலாம் தடவை தைத்தபோது எனக்கு அலுத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தையல் கோணல் என்று எனக்கு அப்போதே தெரியும். ஓரத்தில் நாடா வைத்துத் தைக்கிற பைப்பிங்கில் மெசின் இழுத்துவிட்டது. நிறுத்திப் பிரித்திருக்க வேண்டும். போகட்டும், பிடிக்கிறாளா பார்ப்போம் என்று ஒரு வீம்பில் விட்டேன்.

ஆறாம் வருடப் பங்குனி மாதம், வெளியே அழுக்குப் பனி கரைந்துகொண்டிருந்தது. நீ வந்தாய். கையுறையைக் கழற்றி, விரலை வலப்பக்கத்திலிருந்து ஓட்டினாய். அந்த இடம் வந்ததும் விரல் நின்றது. நான் ஸ்டிக்கருக்குக் காத்திருந்தேன்.

"பரவாயில்லை," என்றாய். "இருக்கட்டும்."

எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்கிறதென்று தெரியவில்லை. தேத்தண்ணி போட்டேன். உள்ளதில் நல்ல கிண்ணத்தில் தந்தேன். நீ அரைவாசி குடித்துவிட்டு வைத்தாய். நீ வீட்டுக்குப் போன பிறகு என் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்து, கடைசியாக இவளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தேன். இருபது வருடம் உன்னைத் தெரிந்த நான், உன் வாயிலிருந்து ஒருநாளும் வராத ஒரு சொல் வந்ததைக் கேட்டுச் சிரித்தேன்.

ஆனி மாதம் அந்தக் காரில் என்னை ஏற்றிக்கொண்டு கிங்ஸ்டன் வீதியால் போனாய். முன்னுக்கு ஏறப் போன என்னை மறித்து, தைத்தவள் நீ, பின்னுக்கு இரு என்றாய். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். ஏசி கிடையாது. பெற்றோல் மணம் தலைமயிரில் ஏறியது. எஞ்சின் உறுமுகிற உறுமலில் நான் சொன்னது உனக்கு அரைவாசி கேட்டிருக்காது. கேட்காததே நல்லது. வழி முழுக்கக் குறைதான் சொன்னேன். சிவப்பு விளக்கில் பக்கத்து வண்டிக்காரர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய். வசதியாக இருக்கிறதா என்று முன்னுக்குத் தொங்கிய சின்னக் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துக் கேட்டாய். இடுப்பு முறிகிறது என்றேன்.

இரண்டு தடவை வீதியோரம் நிறுத்தினாய். எஞ்சின் ஆறட்டும் என்று சொல்லி, ஸ்ரியறிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தாய். ஆறு வருடம் செய்த கார் அரை மணித்தியாலம் ஓடாதா என்று நான் பின்னுக்கிருந்து கேட்டேன். கார் வடிவாக இருக்கிறது என்று ஒரு சொல் நான் சொல்லவில்லை. அவ்வளவு வடிவாக இருந்தது. அந்தப் பெயின்றில் தெருமரங்கள் அசையாமல் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

நீ போனது ஐப்பசியில். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் உன் மனிசன் வாய் திறந்தார். இனி அதிக நாளில்லை என்று பங்குனி மாதமே டொக்டர் சொல்லிவிட்டாராம். சொல்லி இரண்டாம் நாள்தான் நீ என் பேஸ்மென்டுக்கு வந்திருக்கிறாய். ஆனி மாதம் எஞ்சினுக்கு ஒரு சூடும் இல்லை. களைத்தது நீ.

"எனக்கு ஏன் ஒருதரும் சொல்லேல்லை?" என்று அவரைக் கேட்டேன்.

"அவ வேண்டாமெண்டு சொன்னவ," என்றார். "'அவளுக்குச் சொன்னால் இருந்து அழுவாளே தவிர தைக்க மாட்டாள். எனக்குக் கார் ஓட வேணும்' எண்டவ."

நீ சொன்னது சரி. அழுதுகொண்டுதான் இருந்திருப்பேன். மிச்சமிருந்த கதவு உறைகள் ஒருநாளும் முடிந்திருக்காது, நீ அந்தக் காரை ஓட்டியிருக்க மாட்டாய். நீ சொன்னது சரி என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கூடின எரிச்சல். ஆனால் அழுதிருந்தால் என்ன? என் அழுகையையும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு, பிரியடி என்று சொல்ல உனக்குத் தெரியாதா?

இவ்வளவும் எழுதிவிட்டுக் கடதாசியை மடித்து வைத்து ஒன்பது நாளாகிறது. அந்த இருக்கையை மூன்று நாள் தொடாமல் வைத்திருந்தேன். உங்களுக்கு மனமில்லை என்றால் அப்படியே கொடுத்துவிடுவோம் என்று உன் மனிசன் சொல்லியிருந்தார். நீ சரி சொன்ன ஒரே தையல், அதைப் பிரிக்கிறதா என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அது நீ என்னிடம் சொன்ன பொய். அந்தப் பொய்யை யாரோ ஒருவர் முதுகுக்குக் கீழே வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க ஓட்ட வேண்டுமா? புதன்கிழமை பிரித்தேன். பட்டுச் சட்டைக்காரிகளிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு தடவை தைத்தேன். முதலாவது தடவை நல்லாகத்தான் இருந்தது. இருந்தும் பிரித்தேன். வெள்ளிக்கிழமை உன் மனிசன் வந்து எடுத்துக்கொண்டு போனார். நேராக இருக்கிறது. வேண்டுமென்றால் ஒஷாவாவுக்குப் போய்ப் பார்.

அடுத்த நாள் ஒரு பிள்ளை வந்தாள். நேர்ஸாக வேலை செய்கிறவள், ஒன்பது வருடமாக என்னிடம் தைக்கிறாள். ஒரு சட்டையையும் ஒரே தடவையில் கொண்டு போனதில்லை. கை இறுக்கம், கழுத்து இறக்கம், கொக்கி தூரம் என்று உனக்குத் தங்கச்சி மாதிரிப் பிழைபிடித்துக்கொண்டு நிற்பாள். அன்றைக்குக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். இடது தோளில் துணி சுருங்கி நின்றது, எனக்கே தெரிந்தது. அவள் பார்த்தாள். பரவாயில்லை அக்கா, இருக்கட்டும் என்றாள்.

என்ன நடந்தது பிள்ளை என்று கேட்டேன். ஒன்றுமில்லை, வேலைக்கு நேரமாகிறது என்றாள். நான் திரும்பக் கேட்டேன். மூன்றாம் தடவையும் கேட்டேன். என்ன அக்கா, பொலிஸ் மாதிரி விசாரிக்கிறீங்கள் என்று சிடுசிடுத்துக்கொண்டு சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நல்ல வாடிக்கை ஒன்றை இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உன்னைத் திட்டினேன். இருக்கட்டும் என்கிற சொல்லைக் கேட்டால் பயந்து சாகிற வியாதியை எனக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று திட்டினேன்.

இன்று காலை அவளுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். தோள் சுருங்கியிருக்கிறது, கொண்டு வா, பிரித்துத் தருகிறேன் என்றேன்.

"அக்கா," என்றாள், "உங்களுக்குக் கொஞ்சம் நேரமிருக்கா?"

பதினொரு மணிக்கு வந்தாள். சட்டையைக் கொண்டு வரவில்லை. அவள் சொன்னதை உனக்கும் எழுத மாட்டேன், வேறு யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கேட்டிருக்கிறாள். நான் மெசினை நிறுத்தினேன். நீ சொன்னபடியே அழுதேன். அவளும் அழுதாள். மத்தியானம் வரைக்கும் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தேன்.

ஒரே ஒரு நாள் என்னையும் உனக்குப் பக்கத்தில் அப்படி இருக்க விட்டிருக்கலாம்.